போகும் வழியில் காலமானவர்கள்

வந்திருந்தவர்கள்: தலைவர் டாக்டர் விஜயராகவன், வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், வெள்ளைச் செருப்பு. செயலாளர் டாக்டர் புருஷோத்தமன், இரண்டு செல்போன்களுடன். பொருளாளர் டாக்டர் சுமலதா, தலைவலியுடன். செயற்குழுவினர் மூன்று பேர். மூவரும் டாக்டர்கள், மூவரும் தலையாட்ட வந்தவர்கள், ஆகவே பெயர் தேவையில்லை. புகார் கொடுத்த ராமலிங்கம், காலாப்பட்டுக்கு அந்தப் பக்கம் விவசாயம். அவருடைய தங்கை அஞ்சலாட்சி, அண்ணன் முகத்தைப் பார்க்காதபடி ஜன்னலோரம். சிறப்பு உறுப்பினர் மஜீத், ஆம்புலன்ஸ் வைத்திருப்பவர். வந்திருக்க வேண்டிய, ஆனால் வர வசதிப்படாத ஒருவர்: கலியமூர்த்தி. ராமலிங்கத்துக்கும் அஞ்சலாட்சிக்கும் அப்பா. அவர் எங்கே செத்தார் என்று முடிவு செய்யத்தான் கூட்டம்.

செத்து நான்கு மாதமாகியிருந்தது. இடம்தான் இன்னும் முடிவாகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. சங்கத்தின் அறை காந்தி வீதியில், செல்போன் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே சண்டே மார்க்கெட். "எது எடுத்தாலும் இருபது ரூபா" என்று ஒருவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். தலைவர் பேசத் தொடங்கும்போதெல்லாம் அவன் குரல்தான் முந்திக்கொண்டது.

சங்கத்தின் முழுப் பெயர் புதுவை துரித சிகிச்சை மையத்தார் சங்கம். துரித சிகிச்சை மையம் என்றால் பெரிய ஆஸ்பத்திரியும் இல்லை, தெருமுனை கிளினிக்கும் இல்லை. இரண்டு கட்டில், ஒரு ஆக்சிஜன் சிலிண்டர், "24 மணி நேரமும்" என்று சிவப்பு எழுத்தில் ஒரு போர்டு, போர்டுக்கு அடியில் தூங்கி வழியும் ஒரு நர்ஸ். கையை அறுத்துக்கொண்டு வந்தால் தையல் போடுவார்கள். மூச்சிரைத்து வந்தால் மூக்கில் மருந்துப் புகை வைப்பார்கள். வாந்தி பேதிக்கு ட்ரிப் ஏற்றுவார்கள். இதையெல்லாம் நன்றாகவே செய்வார்கள், குறை சொல்லக் கூடாது. நெஞ்சு வலி என்று வருகிறவர்களிடம்தான் சிக்கல். அவர்களில் சிலருக்கு நாகரிகம் தெரியாது. வந்த இடத்திலேயே செத்துப் போவார்கள்.

சங்கத்து மையங்களில் அது நடக்கக் கூடாது. "உறுப்பினர் மையங்களில் மரணம்: பூஜ்யம்" என்று வருடா வருடம் ஆண்டு மலரில் கொட்டை எழுத்தில் போட்டார்கள். மரணமே நேராத மையத்துக்கு ஒரு கண்ணாடிக் கேடயமும் உண்டு. எந்த மையத்திலுமே நேராததால், அந்தக் கேடயம் முறைவாசல் மாதிரி வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்படியானால் செத்தவர்கள் எங்கே செத்தார்கள்? மஜீதின் வண்டியில்.

முறை இதுதான். ஆள் போய்விட்டார் என்று டாக்டருக்குத் தெரிந்ததும் முகத்தில் மாஸ்க் ஏறும், கையில் ட்ரிப் ஏறும், டாக்டரின் குரலும் ஏறும். "உயிர் இருக்கு! உடனே கோரிமேட்டுக்குக் கொண்டு போங்க!" மஜீதின் ஆம்னி வேன் வாசலில் நிற்கும். சொந்தக்காரர்களைப் பின்னால் ஏற விட மாட்டார்கள். கேட்டால் "இன்ஃபெக்ஷன்" என்பார்கள். தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருக்கும் என்பதற்கு அதுதான் மருத்துவப் பெயர். சொந்தக்காரர்கள் ஆட்டோ பிடித்துப் பின்னால் வருவார்கள். கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் ட்யூட்டி டாக்டர் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, வரும்போதே உயிர் இல்லை என்று எழுதுவார். மையத்திலிருந்து கிளம்பும்போது இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தபோது இல்லை. நடுவில் இருந்தது மஜீதும் சில வேகத்தடைகளும்தான்.

டாக்டர்கள் சங்கத்தில் வண்டிக்காரர் எப்படி வந்தார் என்று கேட்கலாம். சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும் என்றார்கள். டாக்டர்கள் ஆறு பேர்தான் தேறினார்கள். ஏழாவது டாக்டருக்கும் விஜயராகவனுக்கும் ஒரு பார்க்கிங் தகராறு. ஆகவே மஜீத் சிறப்பு உறுப்பினர் ஆனார். வண்டிக் கண்ணாடியில் ஒட்ட ஒரு ஸ்டிக்கரும், கூட்டத்தில் உட்கார ஒரு நாற்காலியும், ஆண்டு விழா பிரியாணிக்கு ஆர்டர் கொடுத்து வரும் பொறுப்பும் கிடைத்தன. மஜீதுக்கு அதில் பெருமைதான். முல்லா வீதியில் வேறு யாருக்கு டாக்டர்களோடு ஒரே வரிசையில் நாற்காலி இருக்கிறது? பெருமையை விடுங்கள், அந்த ஸ்டிக்கர் இல்லாவிட்டால் ஊரில் ஒரு மையமும் கூப்பிடாது. வண்டி வாசலில் நிற்கும், அடுப்பு அணையும்.

வண்டியில் செத்தார் என்று ஆகிவிட்டால் வண்டிக்காரருக்கு இன்னொரு வேலை வந்து சேர்கிறது. அதை எந்த டாக்டரும் யோசித்துப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பெண்டாட்டியோ பிள்ளையோ ஓடி வந்து மஜீதின் சட்டையைப் பிடிப்பார்கள். "பாய், கடைசியா என்ன சொன்னாரு?"

ஒன்றும் சொல்லவில்லை என்று முதல் தடவை உண்மையைச் சொல்லிப் பார்த்தார். அந்த அம்மாள் சட்டையை விடவில்லை. "ஒரு வார்த்தைகூடவா? என்னப் பத்தி ஒரு வார்த்தைகூடவா?" என்று ஆளை உலுக்கி எடுத்துவிட்டாள். "தண்ணி கேட்டாரும்மா, உங்க பேரைச் சொன்னாரு" என்றார் மஜீத். சட்டையிலிருந்து கை விலகியது. அன்றிலிருந்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த சின்ன ஜன்னல் வழியாக ஊரில் செத்தவர்கள் எல்லாம் அவரிடம் பேசத் தொடங்கினார்கள். பெரும்பாலும் முருகனைக் கூப்பிட்டார்கள். சிலர் பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சொன்னார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய ஒரு கிழவருக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், "பிரெஞ்சுல ஏதோ சொன்னாரும்மா, எனக்குப் புரியல" என்றார். அவர் மனைவிக்கு அதைவிடத் திருப்தி வேறெதிலும் கிடைத்திருக்காது. அந்தம்மாவுக்கு வாழ்நாளெல்லாம் அவர் பேச்சு அப்படித்தான் பழக்கம்.

மஜீதின் மனைவி நஜீமாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "மவுத்தானவங்க பேச உங்க வாயி வாடகைக்கா கெடக்கு?" என்பாள்.

"அவங்களுக்கு ஒரு ஆறுதல். நமக்கு என்ன நட்டம்?"

நட்டம் கலியமூர்த்தி வடிவில் வந்தது.

கலியமூர்த்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தது கருவடிக்குப்பத்தில் புருஷோத்தமனின் மையத்துக்கு. வந்தார், கட்டிலில் படுத்தார், போய்விட்டார். மாஸ்க், ட்ரிப், குரல், ஆம்னி. கோரிமேட்டில் மகன் ராமலிங்கம் தலையில் அடித்துக்கொண்டார். ஊர்க்காரர்கள் அவரைத் தாங்கிப் பிடித்தார்கள். மகள் அஞ்சலாட்சி தனியாக ஒரு தூணோரம் நின்றாள். ஒருவரும் பக்கத்தில் போகவில்லை. தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போனவள், அப்பன் பேச்சு வார்த்தையை நிறுத்திப் பல வருஷம் என்று ஆட்டோக்காரன் சொன்னான். பெயரையும் அவன்தான் சொன்னான். மஜீதுக்கு மனசு கேட்கவில்லை. ராமலிங்கம் வந்து கேட்டபோது, நாலு பேர் காதில் விழும்படி சொன்னார்: "'அஞ்சலாட்சிக்கும் செய்யணும்'னாரு."

அந்த ஒரு வரியோடு வீட்டுக்குப் போய் மீன் குழம்பு சாப்பிட்டுப் படுத்துவிட்டார். அந்த வரி காலாப்பட்டுக்குப் போய் சவுக்குத் தோப்பில் பாதியைப் பிரித்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. ஈசிஆர் ஓரத் தோப்பு. சென்னைக்காரர்கள் காரை நிறுத்தி விலை கேட்டுவிட்டுப் போகிற மண். பத்திரம் மகன் பேரில்தான். ஆனால் ஊரில் பத்திரத்தைவிடச் சாகிறவர் வாக்கு பெரிது. பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, பாதியைத் தங்கைக்கு எழுதிக் கொடு என்று சொல்லிவிட்டார்கள். ராமலிங்கமும் துக்கத்தில் சரி என்றுவிட்டார். துக்கம் தெளிந்ததும் யோசித்தார். யோசித்ததும் சங்கத்துக்கு வந்துவிட்டார்.

"சுருக்கமாப் பேசுவோம்" என்று தொடங்கினார் விஜயராகவன். சங்கத்தின் சேவை, கட்டுப்பாடு, கேடயம், அகில இந்திய அளவில் கிடைக்கப்போகும் அங்கீகாரம் எல்லாவற்றையும் சுருக்கமாகப் பேசி முடிப்பதற்குள் சமோசா ஆறிவிட்டது.

"எனக்கு ஒரே கேள்விதான் சார்" என்றார் ராமலிங்கம். "எங்கப்பா எங்க செத்தாரு?"

"போற வழில" என்றார் புருஷோத்தமன். "எழுதியே குடுத்திருக்கமே."

"போற வழின்னா? எந்த எடத்துல?"

"அத வண்டில இருந்தவரத்தான் கேக்கணும்."

எல்லாரும் மஜீதைப் பார்த்தார்கள். தலையாட்டுகிறவர்கள் தலையைத் திருப்பியே பார்த்தார்கள்.

"பாய், அன்னிக்கி எங்கிட்ட என்னா சொன்ன? அதயே இங்க சொல்லு."

"'அஞ்சலாட்சிக்கும் செய்யணும்'னாரு."

"பேரச் சொன்னாரா?"

"சொன்னாரு."

"சார், நல்லாக் கேட்டுக்குங்க." ராமலிங்கம் நாற்காலி நுனிக்கு வந்தார். "அஞ்சலாட்சிங்கறது எங்கப்பாவப் பெத்தவங்க பேரு. பெத்தவ பேரச் சொல்லக் கூடாதுன்னு அவரு வாயால அந்தப் பேரு வந்ததே கெடையாது. ரேஷன் கடையில கேட்டாக்கூட பக்கத்துல இருக்கறவனச் சொல்லச் சொல்லுவாரு. இவளப் பொறந்ததுலேர்ந்து 'பாப்பா'தான். வூட்ட வுட்டுப் போனதுக்கப்பறம் அதுவும் இல்ல, 'அது'. உசுரு போற நேரத்துல மட்டும் பேரு வந்துருச்சா?"

மஜீதுக்குத் தன் தப்பு புரிந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட மூன்றாவது ஆளின் பெயரை அவர் சொன்னதில்லை. எதிரே நிற்கிறவர் பெயர், அல்லது சாமி பெயர். தொழில் சுத்தம் அன்றைக்குத்தான் கெட்டது.

விஜயராகவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுக்கு மருத்துவ விளக்கம் இருக்கு" என்றார். "மூளைக்கு ஆக்சிஜன் கொறையும்போது மேல் அடுக்குதான் மொதல்ல அடி வாங்கும். பழக்கம், மரியாத, கூச்சம் எல்லாம் அங்கதான் இருக்கு. அதெல்லாம் போயிட்டா மனுஷன் சொல்லாத பேரெல்லாம் சொல்லுவான். ஆக, அவர் பேரச் சொன்னாருங்கறதே வண்டியில அவருக்கு உயிர் இருந்ததுக்கு ஆதாரம்."

மூன்று பேரும் தலையாட்டினார்கள். அவர் சொன்ன அழகில் மஜீதுக்கே, கலியமூர்த்தி உண்மையில் பேசித்தான் இருப்பாரோ என்று ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏம்மா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று ஜன்னல் பக்கம் கேட்டார் சுமலதா. அன்று அஞ்சலாட்சியிடம் யாராவது எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை.

"சொல்லியிருப்பாரு" என்றாள் அஞ்சலாட்சி. "இருக்கறப்ப சொல்லாதத எல்லாம் போறப்பதான சொல்லுவாங்க."

சொல்லிவிட்டு மஜீதைப் பார்த்தாள். அப்பாவின் கடைசி வார்த்தையைக் கேட்டு உருகியவள் பார்வை இல்லை அது. கயிற்றில் குடத்தைக் கட்டிக் கிணற்றில் இறக்குமுன், தாங்குமா என்று ஒரு இழு இழுத்துப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"சரி" என்றார் ராமலிங்கம். "சத்தியம் பண்ணுங்க. நான் எழுந்து போயிடறேன். நாளைக்கே பத்திரம் எழுதறேன்."

புருஷோத்தமன் துள்ளி எழுந்தார். "எம் புள்ளைங்க மேல சத்தியமா, என் மையத்த வுட்டுக் கெளம்பும்போது உயிர் இருந்துச்சு." அவருக்கு இரண்டு பிள்ளைகள். வருமான வரிக்காரர்கள் வந்தபோதும் அந்தப் பிள்ளைகள்தான் பயன்பட்டார்கள்.

"உங்கள வுடுங்க டாக்டர். பாய் சொல்லட்டும். பாய், உங்க அல்லா மேல ஆணையா சொல்லு. எங்கப்பா பேசினாரா?"

மஜீத் யோக்கியர் இல்லை. இத்தனை நாள் பேசியதெல்லாம் பொய் என்பது அவருக்குத் தெரியும். அது வேறு கணக்கு, ஆணை வேறு கணக்கு. காலையில் சட்டை மாட்டும்போதே நஜீமா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்: "பொய்யச் சொல்லிட்டு வாங்க, நம்ம பொழப்பு அப்படி. ஆணைய மட்டும் போட்டுடாதீங்க. நூரீனுக்கு இது மாசம்." மகள் நூரீன் பிள்ளையுண்டாகி வீட்டுக்கு வந்திருந்தாள். மஜீதுக்கு இருந்தது நேர்மை இல்லை, பயம். ஆனால் வாயைத் திறந்தபோது இரண்டுக்கும் ஒரே வார்த்தைதான் இருந்தது.

"இல்ல."

"என்னாது?"

"அவரு பேசல. ஏத்தும்போதே முடிஞ்சிருந்துச்சு. கண்ண நான்தான் மூடினேன்."

எது எடுத்தாலும் இருபது ரூபா, என்றான் கீழே இருந்தவன்.

ராமலிங்கம் எழுந்து வந்து மஜீதின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீதான்யா மனுஷன். இந்தக் காலத்துல உண்ம பேச ஒரு ஆளு இருக்கறதே பெரிசு" என்று கண் கலங்கினார். அப்பா செத்த இடத்தைப் பற்றி அவருக்கு அதற்கு மேல் ஒரு கேள்வியும் இல்லை. யார் மேலும் வழக்கு போடவில்லை, யாரையும் திட்டவில்லை. தோப்பு முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. டாக்டர்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, ஒரு சமோசாவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அஞ்சலாட்சி நிதானமாக எழுந்தாள். மஜீதின் நாற்காலி பக்கம் வந்து நின்றாள்.

"எனக்கு மட்டும் தெரியாதா பாய்? பேரச் சொன்னாருன்னு நீ சொன்ன அப்பவே தெரியும்."

"அப்பறம் ஏம்மா..."

"எனக்குத் தெரிஞ்சா போதாதா? ஊருக்கு எதுக்குத் தெரியணும்? நீயா குடுத்த, நீயா புடுங்கிக்கிட்ட. நல்லா இரு."

அவள் செருப்புச் சத்தம் படி முழுக்கக் கேட்டது. மஜீதுக்கு எழுந்திருக்கலாமா உட்கார்ந்திருக்கலாமா என்று தெரியவில்லை. விஜயராகவன்தான் அந்தக் கவலையைத் தீர்த்து வைத்தார்.

"மஜீது, ஆம்புலன்ஸுல பொணத்த ஏத்தலாமா?"

"நீங்கதான டாக்டர் ஏத்தச் சொன்னீங்க?"

"நாங்க பேஷண்ட ஏத்தச் சொன்னோம். நீ பொணத்த ஏத்தியிருக்க. நீயே இப்ப ஒத்துக்கிட்ட."

"அதோட ஆம்புலன்ஸ் வாடக வேற வாங்கியிருக்கான்" என்றார் புருஷோத்தமன்.

"அதோட செத்தவர் பேசினதா அந்தக் குடும்பத்த ஏமாத்தியிருக்கான்" என்றார் தலையாட்டுகிறவர்களில் ஒருவர். அன்று அவர் பேசிய ஒரே வாக்கியம். நல்ல இடமாகப் பார்த்துப் பேசினார்.

"மருத்துவ நெறியப் பத்தி ஒரு அடிப்படைகூடத் தெரியாத ஆள இத்தன நாள் பக்கத்துல உக்கார வெச்சிருந்தோம்" என்று விஜயராகவன் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "நீக்கறதத் தவிர வேற வழியில்ல. ஆதரிக்கறவங்க கை தூக்குங்க."

"பதிவுக்கு ஏழு பேர் வேணுமே சார்?" என்றார் சுமலதா.

"ஆரம்பிக்கத்தான் ஏழு. நடத்தறதுக்கு நல்லவங்க இருந்தாப் போதும்."

ஐந்து கை தூக்கியது. சுமலதா நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையையும் சேர்த்து ஆறு என்று எழுதிக்கொண்டார்கள். ஸ்டிக்கரை இன்றைக்கே கிழித்துவிட வேண்டும், பாதி கிழித்துவிட்டு மீதியை வைத்துக்கொண்டு சுற்றக் கூடாது என்று புருஷோத்தமன் விளக்கமாகச் சொன்னார்.

மஜீத் வெளியே வந்தார். படிக்கட்டுக்கு மேலே குறுகலான இடத்தில் செருப்பைத் தேடினார். ராமலிங்கம் அவசரத்தில் அவர் செருப்பை மிதித்துச் சுவரோரம் தள்ளிவிட்டுப் போயிருந்தார். அதை நேராக்கிக் காலை நுழைக்கும்போது உள்ளே சுமலதாவின் செல்போன் அடித்தது. முத்தியால்பேட்டையில் இருந்த அவருடைய மையத்து நர்ஸ் துர்கா. அவள் பேசினால் போனே தேவையில்லை, அங்கிருந்தே கேட்கும்.

"மேடம், ஒரு பெரியவர் மேடம், நெஞ்சு வலின்னு வந்தாரு. மாஸ்க் போட்டுட்டேன், ட்ரிப் போட்டுட்டேன். மஜீத் பாய் போன எடுக்க மாட்டேங்கறாரு."

கூட்டம் என்பதால் மஜீத் போனின் சத்தத்தை அணைத்து வைத்திருந்தார். அவருக்குச் சங்க ஒழுங்கு முக்கியம்.

"வேற வண்டி கூப்புடச் சொல்லுங்க" என்றது புருஷோத்தமன் குரல்.

"வேற வண்டிக்காரன் நாடி புடிச்சுப் பாப்பானே?" இது விஜயராகவன்.

நகரத்தின் மொத்தத் துரித சிகிச்சையும் ஒரு அறையில் உட்கார்ந்து, நாளை முதல் மனிதர்கள் எங்கே சாவார்கள் என்று முதல் தடவையாக யோசித்தது. பிறகு நாற்காலி நகரும் சத்தம். சுமலதா போனைக் காதிலேயே வைத்தபடி வெளியே ஓடி வந்தார்.

"பாய், நில்லுங்க. ஒரு கேஸ். முத்தியால்பேட்ட."

"என்ன நீக்கிட்டாங்களே டாக்டர்."

"அதெல்லாம் பேசி சரி பண்ணிடலாம். உள்ளயும் அதான் சொல்றாங்க. வாங்க மொதல்ல."

மஜீதுக்குப் புரிந்தது. ஸ்டிக்கர் கிழிய வேண்டாம். நாற்காலி மறுபடி வரிசையில் வந்துவிடும். இன்று மதியமே அடுப்பு எரியும். ஒரு வார்த்தை, "வர்றேன்" என்றால் போதும். அவர் வாயில் வந்தது வேறு.

"உயிர் இருக்கா டாக்டர்?"

"ரெஃபர் பண்ணிட்டோம் பாய்."

"அது கேக்கல. உயிர் இருக்கா?"

சுமலதா திரும்பிப் பார்த்தார். திறந்திருந்த கதவுக்குள்ளிருந்து ஐந்து முகங்கள் பார்த்துக்கொண்டிருந்தன. விஜயராகவன், சொல்ல வேண்டாம் என்று தலையை மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். போனில் துர்கா "மேடம், மேடம்" என்றாள். அவள் குரலுக்குப் பின்னால் யாரோ ஒரு பெண், தாத்தா கண் முழிக்கிறாரா பாரு, கண் முழிக்கிறாரா பாரு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இல்ல" என்றார் சுமலதா. தலைவலிக்காரர்கள் சொல்கிற மாதிரி, சத்தம் இல்லாமல். "என் கட்டில்லதான் போயிட்டாரு."

"அப்ப அதயே சொல்லிடுங்க டாக்டர், அந்தப் பொண்ணுகிட்ட. வீட்டுக்கு எடுத்துட்டுப் போக வண்டி வேணும்னா வர்றேன். ட்ரிப்பு வேணாம். அவங்களும் பின்னாடியே ஏறிக்கட்டும்."

சுமலதா போனை வாய்க்கு அருகில் கொண்டு போனார். "துர்கா, அந்த மாஸ்க்கக் கழட்டு. நான் வர்றேன். நான் வந்து சொல்றேன்."

கைப்பையை எடுக்க அவர் திரும்பியபோது புருஷோத்தமன் வாசலில் நின்றிருந்தார். பை அவர் கையில் இருந்தது. நீட்டினார். சுமலதா வாங்கிக்கொண்டார். கதவு மூடியது. உள்ளேயிருந்து தாழ் விழுந்தது, அதற்கு மேல் சாவியும் இரண்டு தடவை திரும்பியது.